கிடங்கில் ஈஆர்பி நிற்கிறது, சுவிட்ச் லாகில் அந்த நேரத்துக்கு ஒன்றுமே இல்லை (சிஸ்கோ 2960-எக்ஸ்)

#1 பஞ்சாலை_ஐடி

எல்லோருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு நூற்பாலையில் ஐடி வேலை. சர்வரிலிருந்து பிரிண்டர் வரைக்கும் என் தலையில்தான்.

மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறிய கொஞ்ச நேரத்தில் கிடங்கு, எடைமேடை, தரப் பரிசோதனை லேப் மூன்றிலும் ஈஆர்பி (மில்லின் சரக்கு, கணக்கு எல்லாம் ஓடுகிற மென்பொருள்) நின்றுவிடுகிறது. அரை நிமிடம் போல நின்று தானாக வந்துவிடும். நாலைந்து நிமிடம் கழித்து அதே மாதிரி இன்னொரு முறை. அவ்வளவுதான், பிறகு ஒரு தொந்தரவும் இருக்காது. தினமும் வருவதில்லை, வாரத்தில் பாதி நாள் வரும். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. அதனால் மேனேஜர் நம்பவும் மாட்டேன் என்கிறார்.

கிடங்கு சுவிட்ச் 2960-எக்ஸ், 24 போர்ட். ஃபைபர் போர்ட் 1/0/25 ரிங் பிரேம் ஷெட் சுவிட்சுக்குப் போகிறது, 1/0/26 அலுவலகக் கோர் (மைய) சுவிட்சுக்கு. ஷெட்டிலிருந்தும் கோருக்கு ஒரு ஃபைபர் உண்டு, ஆக முக்கோணம். எடைமேடையும் லேபும் கிடங்கு சுவிட்சிலேயே இருக்கின்றன. 1/0/5, 1/0/9 இரண்டும் வைஃபை ஆக்சஸ் பாயிண்ட்.

லாகில் 14:00 மணி சுற்றி ஒரு வரிகூட இல்லை. காலையில் வந்தவைதான் நிறைய. அதிலும் பாதிக்கு மேல் மேக் ஃபிளாப் (ஒரே கருவியின் மேக் முகவரி இரண்டு போர்ட்டில் மாறி மாறித் தெரிவது). தேடிப் பார்த்தால் எல்லோரும் லூப் (ஃபிரேம்கள் வளையமாகச் சுற்றிக்கொண்டே இருப்பது) என்கிறார்கள். நேற்றைய லாகில் ஒரு துண்டு:

ஜூன் 11 08:21:07.332: %எஸ்டபிள்யூ_எம்ஏடிஎம்-4-மேக்ஃபிளாப்_நோட்டிஃப்: விலான் 20, ஹோஸ்ட் (கடைசி நான்கு எண் 7702), போர்ட் 1/0/5க்கும் 1/0/9க்கும் இடையே
ஜூன் 11 08:34:40.018: %எஸ்டபிள்யூ_எம்ஏடிஎம்-4-மேக்ஃபிளாப்_நோட்டிஃப்: அதே ஹோஸ்ட், அதே போர்ட்டுகள்
ஜூன் 11 08:36:41.207: %லைன்புரோட்டோ-5-அப்டவுன்: 1/0/25 டவுன்
ஜூன் 11 08:36:42.210: %லிங்க்-3-அப்டவுன்: 1/0/25 டவுன்
ஜூன் 11 08:40:58.540: %லிங்க்-3-அப்டவுன்: 1/0/25 அப்
ஜூன் 11 08:40:59.543: %லைன்புரோட்டோ-5-அப்டவுன்: 1/0/25 அப்
ஜூன் 11 08:44:13.871: %எஸ்டபிள்யூ_எம்ஏடிஎம்-4-மேக்ஃபிளாப்_நோட்டிஃப்: அதே ஹோஸ்ட்

25 கீழே போனது ஷெட் லைன். கிடங்குக்கு அலுவலகத்திலிருந்து நேரடி ஃபைபர் இருக்கிறது, அதனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று விட்டுவிட்டேன். சுவிட்சையே மாற்றச் சொல்லிக் கேட்கட்டுமா?

#2 ஸ்பீடு_செல்வம்

ப்ரோ, மேக் ஃபிளாப் வந்தாலே லூப்தான். யாராவது ஒரு சின்ன சுவிட்சில் கேபிளின் இரண்டு முனையையும் அதிலேயே செருகியிருப்பார்கள். போய் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

#3 கன்சோல்_கேபிள்

எதையும் கழற்ற வேண்டாம் தம்பி. சுவிட்சையும் மாற்ற வேண்டாம். முதலில் மணியைப் பாருங்கள்.

உங்கள் லாக் வரிகளின் முன்னால் நட்சத்திரக் குறி இல்லை. சிஸ்கோவில் நேரத்துக்கு முன்னால் நட்சத்திரம் இருந்தால் அந்தக் கடிகாரத்தை நம்பக் கூடாது என்று அர்த்தம். புள்ளி இருந்தால் முன்பு என்டிபியோடு (நெட்வொர்க் வழியாக நேரம் கொடுக்கும் சேவை) ஒத்திருந்தது, இப்போது தொடர்பு விட்டுப் போயிருக்கிறது. இரண்டும் இல்லாததால் உங்கள் சுவிட்சுக்கு என்டிபி ஒழுங்காகக் கிடைக்கிறது. ஆனால் என்டிபி கொடுப்பது யுடிசி நேரம், அதாவது உலகப் பொது நேரம். டைம்சோன் போடாமல் விட்டிருந்தால் லாக் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும். 08:36:41 என்பது மதியம் 2:06:41. நீங்கள் 14:00 மணியில் தேடியது 08:30க்குக் கீழே இருக்கிறது. 'ஷோ கிளாக்' அடித்துப் பாருங்கள், யுடிசி என்றுதான் காட்டும்.

இப்போது அதே லாகை மறுபடி படியுங்கள். 2:06:41க்கு ஷெட் லைன் விழுகிறது, 2:10:58க்கு எழுகிறது. இடைவெளி நாலேகால் நிமிடம். ஈஆர்பி நின்று, வந்து, நாலைந்து நிமிடத்தில் மறுபடி நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

லூப் இல்லை என்று நான் சொல்லக் காரணம்: லூப் வந்தால் ஒரே ஒரு மேக் மட்டும் ஆடாது. கேட்வே, சர்வர், பிரிண்டர் என்று பல மேக் ஒரே நேரத்தில் ஆடும், வரிகள் நொடிக்கணக்கில் கொட்டும், சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக மின்னும். இங்கே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே மேக், அதுவும் இரண்டு ஆக்சஸ் பாயிண்ட் போர்ட்டுகளுக்கு நடுவில். கையில் ஸ்கேனரோ போனோ வைத்துக்கொண்டு ஒருவர் கிடங்கில் நடக்கிறார், அவ்வளவுதான். 7702 எதுவென்று பாருங்கள்.

அப்புறம் இது மூன்றும் வேண்டும்: கிடங்கு சுவிட்சில் 'ஷோ ஸ்பானிங்-ட்ரீ விலான் 20' (விலான் 20 என்ற தனிப் பிரிவில் லூப் வராமல் எந்த போர்ட்டை மூடியிருக்கிறது என்று காட்டும்), ஷெட் சுவிட்சில் 'ஷோ வெர்ஷன்', 'ஷோ லாகிங்'.

#4 ஓரப்போர்ட்

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், புதியவர்களுக்கு உதவும். சதவீதக் குறிக்குப் பிறகு வருவதில் நடுவில் இருக்கும் எண்தான் தீவிரம். 0 முதல் 7 வரை, எண் குறையக் குறைய மோசம். 0 என்றால் சுவிட்ச் ஓடும் நிலையிலேயே இல்லை, 3 பிழை, 4 எச்சரிக்கை, 5 கவனிக்க வேண்டியது, 7 டீபக்.

ஆனால் அந்த எண்ணை வைத்து வடிகட்டிப் படிப்பவர்கள் ஏமாறுவார்கள். சாயங்காலம் கணக்குப் பிரிவில் ஒருவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் லிங்க்-3 தான். ஷெட் முழுக்க இருண்டாலும் அதே லிங்க்-3 தான். யாரோ உள்ளே நுழைந்து கான்ஃபிகை மாற்றினால் வருவது சிஸ்-5. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எண் போட்டவருக்கு உங்கள் மில்லில் எந்த போர்ட் முக்கியம் என்று தெரியாது. பிசி போர்ட்டுகளில் 'நோ லாகிங் ஈவென்ட் லிங்க்-ஸ்டேட்டஸ்' போட்டுவிட்டால் அணைத்து ஏற்றுகிற சத்தம் நின்றுவிடும். மிச்சம் வரும் லிங்க்-3 எல்லாம் பார்க்க வேண்டியவையாக இருக்கும்.

வரிசையையும் கவனியுங்கள். விழும்போது லைன்புரோட்டோ முதலில், ஒரு நொடி கழித்து லிங்க். எழும்போது லிங்க் முதலில். யாராவது 'ஷட்டவுன்' கொடுத்திருந்தால் லிங்க்-5-சேஞ்ச்ட் என்றும், நிர்வாகத்தால் நிறுத்தப்பட்டது என்றும் வந்திருக்கும். இங்கே அது இல்லை. கேபிளோ, எதிர்முனையோ, மின்சாரமோதான்.

#5 பஞ்சாலை_ஐடி

'ஷோ கிளாக்' யுடிசி என்றே காட்டுகிறது. இத்தனை நாளாக இதை யோசிக்கவே இல்லை, நன்றி சார்.

7702 கிடங்கில் பேல் ஸ்டிக்கர் ஸ்கேன் செய்கிற கைக் கருவி.

கிடங்கு சுவிட்சில் விலான் 20க்கு வந்தது: ரூட் பிரையாரிட்டி 32788, காஸ்ட் 4, போர்ட் 1/0/25. புரோட்டோகால் ஐட்ரிபிள்ஈ. கீழே 1/0/25 ரூட், ஃபார்வர்டிங். 1/0/26 ஆல்டர்நேட், பிளாக்கிங்.

ஷெட் சுவிட்ச் பழைய 2960. இன்று காலை 10:10க்குப் பார்த்தேன். அப்டைம் 20 மணி நேரம் 1 நிமிடம். 'சிஸ்டம் ரிட்டர்ன்ட் டு ரோம் பை பவர்-ஆன்'. லாகில் எல்லா வரியும் நட்சத்திரத்தோடு மார்ச் 1 என்று இருக்கிறது. முதல் வரியே 00:00 தான். அதற்கு முன்னால் எதுவுமில்லை. லாக் அழிந்துவிட்டதா?

#6 கன்சோல்_கேபிள்

அழியவில்லை, அது ராமில் இருந்தது. மின்சாரம் போனால் பஃபர் லாகும் போய்விடும். மார்ச் 1 என்பது கடிகாரம் அமைக்காத கேட்டலிஸ்ட் எழுந்தவுடன் காட்டும் பிறந்த தேதி, வருடம் கேட்டால் 1993 என்று சொல்லும். லாக் காலியாக இருந்து, முதல் வரி மார்ச் 1, 00:00 என்று ஆரம்பித்தால், 'நான் இப்போதுதான் பவர் வந்து எழுந்தேன்' என்று சுவிட்ச் சொல்கிறது. 'ஷோ வெர்ஷன்' அதையே உறுதி செய்கிறது. மென்பொருள் விழுந்திருந்தால் பவர்-ஆன் என்று வராது. காரணம் வேறாக இருந்திருக்கும், ஃபிளாஷில் கிராஷ்இன்ஃபோ கோப்பும் கிடக்க வாய்ப்புண்டு.

காலை 10:10லிருந்து 20 மணி 1 நிமிடம் கழியுங்கள். நேற்று மதியம் 2:09. பவர் வந்து, ஐஓஎஸ் (சுவிட்சின் இயங்குதளம்) ஏறி, ஃபைபர் போர்ட் எழ ஆகிற நேரம்தான் கிடங்கு லாகில் தெரிகிற அந்த 2:06க்கும் 2:10க்கும் நடுவில் இருக்கிறது. தன் லாகை இழந்த சுவிட்சின் கதையைப் பக்கத்து சுவிட்ச் எழுதி வைத்திருக்கிறது.

அடுத்தது ஷெட் சுவிட்ச் விழுந்தால் கிடங்கு ஏன் நிற்க வேண்டும் என்பது. பதில் உங்கள் ஸ்பானிங்-ட்ரீ வெளியீட்டிலேயே இருக்கிறது. ரூட் பிரையாரிட்டி 32788 என்றால் 32768 + விலான் 20. யாரும் எதையும் அமைக்கவில்லை, எல்லா சுவிட்சும் கம்பெனியிலிருந்து வந்த அமைப்பிலேயே இருக்கின்றன. பிரையாரிட்டி சமமாக இருந்தால் மேக் முகவரி சிறியது ரூட் (எல்லாப் பாதைகளும் அதை வைத்தே கணக்கிடப்படும் தலைமை சுவிட்ச்) ஆகும். பழைய சுவிட்சுக்குப் பெரும்பாலும் சிறிய மேக். உங்கள் மில்லில் இருப்பதிலேயே பழைய பெட்டி, பஞ்சு தூசியில் உட்கார்ந்துகொண்டு முழு நெட்வொர்க்குக்கும் ரூட்டாக இருக்கிறது.

அதனால் 1/0/26 பிளாக்கிங். கிடங்குக்கு நேரடி ஃபைபர் இருக்கிறது என்றீர்களே, அதில் ஒரு ஃபிரேம்கூடப் போகவில்லை. கிடங்கு பேசுவது எல்லாம் ஷெட் வழியாகத்தான் அலுவலகம் போகிறது. ஷெட் விழுந்ததும் 26 திறக்க வேண்டும். உங்கள் மோட் பழைய முறை (ஐட்ரிபிள்ஈ என்று காட்டினால் பழையது, ஆர்எஸ்டிபி என்று காட்டினால் ரேபிட்). பழைய முறையில் லிசனிங் 15 நொடி, லேர்னிங் 15 நொடி. அதுதான் உங்கள் முதல் அரை நிமிடம். ஷெட் சுவிட்ச் எழுந்து வந்ததும் 'நான்தான் ரூட்' என்கிறது. கிடங்கு உடனே 26ஐ மூடிவிட்டு 25ஐத் திறக்க இன்னொரு 30 நொடி எடுக்கிறது. அது இரண்டாவது அரை நிமிடம். அலுவலகத்து ஆட்களும் சர்வரும் கோர் பக்கமே இருப்பதால் அவர்கள் பாதையில் எதுவும் மாறுவதில்லை. மேனேஜர் நம்பாததில் தப்பில்லை.

#7 ஸ்பீடு_செல்வம்

அப்படியென்றால் எஸ்டிபியை (ஸ்பானிங்-ட்ரீயை) அணைத்துவிட்டால் 30 நொடி காத்திருக்கவே வேண்டாமே?

#8 ஓரப்போர்ட்

செல்வம், மூன்று சுவிட்ச் முக்கோணமாக இணைந்திருக்கிறது. எஸ்டிபியை அணைத்த அடுத்த நொடி ஒரு ஏஆர்பி பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகிற கேள்வி) உள்ளே சுற்ற ஆரம்பித்தால் மில் முழுக்க நிற்கும். ஈதர்நெட் ஃபிரேமில் டிடிஎல் (ஆயுள் எண்ணிக்கை) கிடையாது, யாராவது கேபிளைப் பிடுங்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் #2இல் தேடச் சொன்ன லூப்பை நாமே செய்து கொடுப்பதாக ஆகிவிடும்.

மூன்று சுவிட்சிலும் ரேபிட்-பிவிஎஸ்டி (விலானுக்கு ஒன்றாக ஓடும் வேகமான ஸ்பானிங்-ட்ரீ) மோடுக்கு மாற்றுவதுதான் வழி. கோரில் 'ஸ்பானிங்-ட்ரீ விலான் 20 ரூட் பிரைமரி' கொடுத்தால் பிரையாரிட்டியை 24576 ஆக்கிவிடும். பிறகு கிடங்கு தன் நேரடி ஃபைபரிலேயே பேசும், ஷெட் விழுந்தாலும் கிடங்குக்குத் தெரியாது. மற்ற விலான்களுக்கும் மறக்காமல் போடுங்கள். பிவிஎஸ்டியில் ஒவ்வொரு விலானுக்கும் தனி ரூட். பிசி போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் (காத்திராமல் உடனே திறப்பது), ஆனால் சுவிட்சுக்கு சுவிட்ச் போகிற போர்ட்டில் வேண்டாம். மோட் மாற்றும்போது நெட்வொர்க் கொஞ்சம் தடுமாறும், எடைமேடையில் லாரி நிற்காத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

#9 மதுரை_பிரஸ்

இழைக்கு நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், என் சந்தேகமும் லாக் பற்றியதுதான். எங்கள் அச்சகத்தில் இருப்பது எச்பி புரோகர்வ். லாகில் அடிக்கடி இப்படி வருகிறது:

டபிள்யூ 01/03/90 04:12:55 எஃப்எஃப்ஐ: போர்ட் 14-எக்ஸஸிவ் சிஆர்சி/அலைன்மென்ட் எரர்ஸ். சீ ஹெல்ப்.

1990ஆம் வருடம் என்று காட்டுவது ஏன்? 14இல் பழைய பிளேட் மெஷின் இருக்கிறது. கேபிளை இரண்டு முறை மாற்றியும் போகவில்லை. ஃபைல் அனுப்பினால் ஆமை வேகம்.

#10 கன்சோல்_கேபிள்

புரோகர்வுக்கு 01/01/90 தான் பிறந்த தேதி. உங்கள் சுவிட்சுக்கும் நேரம் அமைக்கவில்லை. எழுந்து இரண்டு நாளும் நாலு மணி நேரமும் ஆகியிருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் எழுத்துதான் தீவிரம். ஐ தகவல், டபிள்யூ எச்சரிக்கை, எம் பெரிய கோளாறு, டி டீபக். எஃப்எஃப்ஐ என்பது போர்ட் எண்ணிக்கைகளைப் பார்த்து, பிழை விகிதம் ஒரு அளவைத் தாண்டினால் தானாகச் சொல்லும் ஃபால்ட் ஃபைண்டர். புதியது மேலே வர 'ஷோ லாகிங் -ஆர்', முந்தைய ரீபூட்டுக்கு முன்னால் இருந்ததையும் பார்க்க '-ஏ'. இங்கே 'கிளியர் லாகிங்' கொடுத்தாலும் பழைய வரிகள் மறையுமே தவிர அழியாது, '-ஏ' போட்டால் திரும்பத் தெரியும்.

இப்போது பிளேட் மெஷின். கேபிள் மாற்றியும் சிஆர்சி (ஃபிரேம் கெட்டு வரும் பிழை) போகவில்லை, வேகமும் இல்லை என்றால் டூப்ளெக்ஸ் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினால் ஃபுல், மாறி மாறிப் பேசினால் ஹாஃப்) பொருத்தத்தைத்தான் சந்தேகப்படுவேன். ஒரு பக்கம் 100 ஃபுல் என்று கையால் நிலையாக வைத்து, மறுபக்கம் ஆட்டோவில் விட்டால், ஆட்டோ பக்கம் வேகத்தை மட்டும் கண்டுபிடித்து டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாமல் ஹாஃபில் போய் நிற்கும். ஃபுல் பக்கத்தில் சிஆர்சி ஏறும். ஹாஃப் பக்கத்தில் லேட் கொலிஷன் ஏறும், அதாவது ஃபிரேமின் முதல் 64 பைட் போன பிறகு வரும் மோதல். சரியான நீளக் கேபிளில் ஒழுங்கான ஹாஃப் டூப்ளெக்ஸில் அது வரவே கூடாது.

உங்கள் சுவிட்ச் பக்கம் சிஆர்சி வருவதால் போர்ட் 14 ஃபுல்லில் நிலையாக வைக்கப்பட்டு, மெஷின் ஹாஃபில் இருக்க வாய்ப்பு அதிகம். முன்பு யாரோ நல்லது செய்வதாக நினைத்து 14ஐ நிலைப்படுத்தியிருப்பார்கள். 'ஷோ இன்டர்ஃபேஸ் பிரீஃப்' பார்த்து, ஆட்டோவுக்கு மாற்றி, சிஆர்சி எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு ஒரு பெரிய ஃபைல் அனுப்புங்கள். எண் நகராவிட்டால் முடிந்தது. மொத்த எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கவலைப்படாதீர்கள், அது சுவிட்ச் எழுந்ததிலிருந்து சேர்ந்தது. இப்போது ஏறுகிறதா என்பதுதான் விஷயம்.

#11 மதுரை_பிரஸ்

14 நிலையாக 100 ஃபுல்லில் இருந்தது. ஆட்டோ போட்டதும் 100 ஹாஃப் என்று எழுந்தது! மெஷினின் கார்டுதான் ஃபுல் பேசாது போல. சிஆர்சி நின்றுவிட்டது. ஃபைல் வேகமும் பரவாயில்லை, ஆமை இல்லை. நன்றி அண்ணே.

#12 பேனல்_போர்டு

நான் ஐடி இல்லை, மில் எலக்ட்ரிகல் பக்கம். பஞ்சாலை நண்பருக்கு: ரூட் மாற்றுவதெல்லாம் சரி, ஷெட் சுவிட்ச் ஏன் பவர் இழக்கிறது என்பதை யாரும் தொடவில்லையே. இரண்டு மணி ஷிப்ட் மாறும்போது மெஷின்களில் காற்றடித்துப் பஞ்சு தட்டுவார்கள். காற்று அழுத்தம் இறங்கும், இரண்டாவது கம்ப்ரசர் ஏறும். பெரிய மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் ஒரு முங்கு முங்கும். விளக்குக்கு அது ஒரு சிமிட்டல். யுபிஎஸ் அந்த நொடி பேட்டரிக்கு மாறும். பேட்டரி செத்திருந்தால் சுமையைக் கீழே போட்டுவிட்டு, லைன் வந்ததும் மறுபடி எடுக்கும். பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், போய்ப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தெரியும். வாராந்திர விடுமுறையில் யுபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிப் பாருங்கள். கம்ப்ரசர் லாக் புத்தகத்தில் இரண்டாவது மெஷின் ஏறிய நேரம் எழுதியிருப்பார்கள், அதையும் உங்கள் 2:06ஐயும் ஒப்பிடுங்கள்.

#13 பஞ்சாலை_ஐடி

பிளக்கை உருவினேன். சுவிட்ச் அடுத்த நொடியே செத்தது. யுபிஎஸ்ஸைத் திறந்தால் 12 வோல்ட் பேட்டரி உப்பி, வெளியே எடுக்கவே வரவில்லை. கம்ப்ரசர் புத்தகத்தில் 11ஆம் தேதிக்கு எதிரே இரண்டாவது கம்ப்ரசர் 'பிற்பகல் 2.05' என்று இருக்கிறது. ஆபரேட்டர் சுவர்க் கடிகாரம் பார்த்து எழுதுவார், ஒரு நிமிடம் முன்பின் இருக்கும். ஈஆர்பி நிற்காத நாட்களில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

பேட்டரி மாற்றியாகிவிட்டது. கோரை எல்லா விலானுக்கும் ரூட் ஆக்கினேன், மூன்றிலும் ரேபிட்-பிவிஎஸ்டி, 'கிளாக் டைம்சோன் ஐஎஸ்டி 5 30', ஷெட் சுவிட்சுக்கும் என்டிபி. கிடங்கில் இப்போது 26 ஃபார்வர்டிங். பேல் ஏற்றும் பையன்கள், 'என்ன சார், ஸ்கிரீன் பட்டென்று வருகிறது' என்கிறார்கள்.

இரண்டு கேள்வி பாக்கி. ஒரு பழைய பிசியில் ஆர்சிஸ்லாக் (லாகைச் சேர்த்து வைக்கும் மென்பொருள்) போட்டு எல்லா லாகையும் அங்கே அனுப்பலாமா? மேக் ஃபிளாப் இன்னும் வருகிறது, அப்படியே விடலாமா?

#14 ஓரப்போர்ட்

தாராளமாக அனுப்புங்கள். அந்த பிசியை கோர் பக்கத்தில் வையுங்கள். சிஸ்லாக் வழக்கமாக யுடிபி 514இல் போகும், போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. லைன் விழுந்த நொடியில் துண்டிக்கப்பட்ட சுவிட்ச் அனுப்புகிற வரி வந்து சேராது. அதனால் சுவிட்சிலேயே பஃபரையும் வைத்திருங்கள். ஆரம்பத்தில் அது வெறும் 4096 பைட், நாற்பது வரிகூடத் தாங்குவது கஷ்டம். உங்கள் ஸ்கேனர் ஒன்றே பாதி நாளில் முக்கியமான வரிகளைத் தள்ளிவிடும். 'லாகிங் பஃபர்ட் 65536' கொடுங்கள்.

பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தால் வரிக்கு முன்னால் 187, 189 என்று ஒரு எண் இருக்கும். மிரள வேண்டாம். சிஸ்கோ வழக்கமாக லோக்கல்7 என்ற வகையில் அனுப்பும், அதன் எண் 23. அதை எட்டால் பெருக்கித் தீவிரத்தைக் கூட்டினால் அந்த எண். 187 என்றால் 3, 189 என்றால் 5.

#15 கன்சோல்_கேபிள்

மேக் ஃபிளாப்பை விடலாம், அணைக்க வேண்டாம். படிக்கும்போது 'ஷோ லாகிங் | எக்ஸ்க்ளூட் மேக்ஃபிளாப்' போட்டால் கண்ணில் படாது. 5க்கும் 9க்கும் நடுவில் 7702 ஆடினால் அது ஸ்கேனர். வேறு மேக் ஆட ஆரம்பித்தாலோ, 25, 26 அந்த வரியில் வந்தாலோ உடனே எழுந்து போங்கள்.

அந்த ஷெட் சுவிட்சின் பின்பக்க ஃபேனையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள் தம்பி.

#16 பஞ்சாலை_ஐடி

துடைத்துவிட்டேன் சார். ஒரு கைப்பிடி பஞ்சு வந்தது.